நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

கேள்வி இது: “பி.இ. சிவில் முடித்தேன். நகராட்சியில் குடிநீர்ப் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக ஆணை வந்திருக்கிறது. வீட்டில் சேரச் சொல்கிறார்கள். நண்பர்களோ, முப்பது வருஷம் தண்ணியை வடிகட்டிட்டே இருப்பியாடா என்று சிரிக்கிறார்கள். அந்த வேலையில் அப்படி என்னதான் இருக்கிறது?”

தம்பி, சேருங்கள். அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் நினைப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. வடிகட்டுவது இந்த உத்தியோகத்தில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளலாம். மீதிப் பாதி சுத்திகரிப்பு நிலையத்தின் கேட்டுக்கு வெளியே, தெருவுக்கு அடியில் கிடக்கிறது. அதை எந்தக் கல்லூரியிலும் யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சென்னைக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் போனது. வடிகட்டல் எதுவும் கிடையாது. ஏரியில் எப்படி இருந்ததோ அப்படியே குழாயிலும் வந்தது. ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் வந்துதான் மூடிய செங்கல் கால்வாய், 14 மெதுமணல் வடிகட்டிப் படுகைகள், பம்பிங் நிலையம் என்று முழு அமைப்பையும் வடிவமைத்தார். 1914 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. தி.நகரில் மேட்லி சாலை, மேட்லி சுரங்கப்பாதை என்று தினமும் சொல்கிறோமே, அவர்தான் இவர். 1961இல் நகரத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 25 காலன் வேண்டும் என்று கணக்கிட்டார். அந்த வருஷக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். ஆள் கணக்கு இரண்டரை மடங்கு தப்பியது. ஆனாலும் ஐம்பது வருஷம் தள்ளிப் பார்த்து அன்றைக்குக் குழாய் போட நினைத்தாரே, அந்தப் புத்தி இன்றைக்கு ஐந்து வருஷத் திட்டம் போடுகிற நம்மிடம் இல்லை. நீங்கள் போகிற ஊரிலும் யாரோ ஒருவர் போட்ட பழைய குழாய் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பெயர் எந்தத் தெருவிலும் இருக்காது.

இனி நிலையத்துக்குள் வருவோம். மெதுமணல் படுகையில் ஒரு சதுர மீட்டர் வழியாக மணிக்கு 100, 200 லிட்டர்தான் இறங்கும். மணலின் மேல் படியும் உயிர்ப்படலம் கிருமிகளைத் தின்றுவிடும். அவ்வப்போது மேல்மணலைச் சுரண்டி எடுத்தால் போதும். அருமையான முறைதான், ஆனால் இடம் ஏராளமாக வேண்டும். நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வேகமணல் வடிகட்டி. அதே ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 5,000 லிட்டர் வரை ஓட்டலாம். அவ்வளவு வேகத்தில் மணலை மட்டும் நம்ப முடியாது. முன்னதாகவே ஆலம் என்கிற படிகாரம் போட்டு, கண்ணுக்குத் தெரியாத கலங்கலைப் பஞ்சு பஞ்சாகத் திரள வைத்து, கிளாரிபையர் என்ற தெளிவிப்புத் தொட்டியில் அடியில் படிய விட்டாக வேண்டும்.

எவ்வளவு ஆலம் என்பதைத் தீர்மானிப்பது ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் லிட்டர் லிட்டராக ஏரித் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு அளவு ஆலம், ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்கல், பிறகு இருபது நிமிஷம் மெதுவாக, அப்புறம் அரைமணி நேரம் சும்மா நிற்க விட்டுப் பார்ப்பது. எந்த பீக்கரில் குறைந்த ஆலத்தில் தண்ணீர் தெளிகிறதோ அதுதான் இன்றைய அளவு. கோடையில் தினம் ஒரே விடை வரும், சலிப்பாக இருக்கும். ஐப்பசியில் ஒரே இரவு மழையில் ஏரி செம்மண் நிறமாகிவிடும். நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது. ஆலம் கூடினால் தண்ணீரின் காரத்தன்மை குறையும், பி.எச். இறங்கும், சுண்ணாம்பு சேர்க்க வேண்டி வரும். குறைந்தாலோ வடிகட்டி சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும், தண்ணீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணலைக் கழுவும் பேக்வாஷ் பண்ணிப் பண்ணியே சுத்தமான தண்ணீர் வீணாகும். புழல் போன்ற 300 எம்.எல்.டி. (நாளுக்கு 30 கோடி லிட்டர்) நிலையத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் தேவைக்கு மேல் போட்டால் ஒரு நாளில் ஒன்றரை டன் ஆலம் காற்றில் போன மாதிரி. மழைக்காலத்தில் ஷிப்டுக்கு ஒரு முறையாவது ஜார் டெஸ்ட் செய்கிற நிலையத்தையும், கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக ஆலம் திறக்கிற நிலையத்தையும் பில்டர் மேடையில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

கோடைக்கு வேறு தொல்லை. ஏரி வற்ற வற்றப் பாசி பிடிக்கும், மண்வாடை வரும். பாசியைக் கொல்ல முன்கூட்டியே குளோரின் கூட்டினால் அது கரிமப் பொருளோடு சேர்ந்து வேண்டாத துணைச் சேர்மங்களை உண்டாக்கும். ஆக அங்கேயும் கை அளவாகத்தான் இருக்க வேண்டும்.

குளோரின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதட்டலாகவே சொல்கிறேன். டன்னர் என்று நாம் சொல்லும் உருளையில் 900 கிலோ இருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் வீதம் 300 எம்.எல்.டி.க்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு டன்னர் காலி. உள்ளே இருப்பது திரவம். வெளியே வந்தால் அது சுமார் 450 மடங்கு வாயுவாக விரியும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் தரையோடு தவழும். குளோரின் அறையில் எக்சாஸ்ட் விசிறி தரைமட்டத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். மேலே வைத்திருந்தால் கட்டியவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். கசிவு எங்கே என்று தேட அமோனியா தோய்த்த துணியைக் குச்சியில் சுற்றி அருகில் காட்டுவோம், கசிகிற இடத்தில் வெண்புகை எழும். கசியும் உருளையை உருட்டி ஓட்டையை மேல்பக்கம் கொண்டுவந்தால் திரவம் கொட்டாது, வாயு மட்டும் போகும், ஆபத்து பல மடங்கு குறையும். எக்காரணத்தைக் கொண்டும் கசிவின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். அமிலம் உண்டாகி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். காற்றுக்கு எதிர்த்திசையில், மேட்டுப்பக்கம் ஓட வேண்டும். சுவாசக் கருவி அலமாரியில் பூட்டியிருந்து சாவி சூப்பிரண்டு வீட்டில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாவியில்லாத அலமாரியாக மாற்றுங்கள். நீங்கள் எழுதும் முதல் கடிதம் அதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர், கலங்கலை அளக்கும் அலகான என்.டி.யூ.வில் 1க்குக் கீழே, குளோரின் வாசத்தோடு, கிருமியின்றிப் போகும். நம் ஊர்களில் பெரும்பாலான நாள் இது நடக்கவும் செய்கிறது. பிறகு ஏன் ஜனங்கள் இருபது லிட்டர் கேன் வாங்குகிறார்கள்?

குழாய்தான் காரணம். நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடங்களில் வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம் வரும். டர்ன்காக் என்று நாம் சொல்லும் வால்வு திறந்து மூடும் ஊழியர் வால்வை மூடியதும் குழாய் காலியாகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது விரிசல் இருக்கும் ஒவ்வொரு இடமும் சுற்றியிருக்கும் ஈரத்தை உள்ளே இழுக்கும். போதாக்குறைக்கு வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள். தெருவோரச் சாக்கடைக்குள்ளேயே முங்கியபடி வீட்டுக்குப் போகும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வேறு. பத்துப் பதினைந்து வருஷத்தில் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதல் பத்து நிமிஷம் கலங்கலும் நாற்றமும் வருவது அதனால்தான். கோடி கோடியாய்ச் செலவழித்து நிலையத்தில் எடுத்த கிருமியை அந்த ஊசித்துளை திருப்பிக் கொடுத்துவிடும்.

அதனால்தான் எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொன்றது போக தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின், என்ற ஒரு எண்ணை உங்கள் சாமி மாதிரி கும்பிடச் சொல்வேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500 கேட்பது, குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் 0.5. நிலைய வாசலில் அளந்து பதிவேட்டில் எழுதுவது சுலபம். அளக்க வேண்டிய இடம் கடைக்கோடித் தெருவின் கடைசி வீடு. நிறத்தை ஒப்பிட்டுக் குளோரினை அளக்கும் ஒரு சின்னக் குளோராஸ்கோப் பெட்டி போதும். எங்கள் காலத்தில் ஆர்த்தோடாலிடின் சொட்டுவிட்டு மஞ்சள் நிறம் பார்ப்போம். அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்பதால் இப்போது டி.பி.டி. மாத்திரை, இளஞ்சிவப்பு நிறம் வரும். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் 0.3 இருந்து நடுவில் நாலு வீட்டில் மட்டும் நிறமே வரவில்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது என்று பொருள். சாக்கடை உள்ளே போகிறது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். இந்தச் சொட்டு இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடும். அந்த நாலு வீட்டு இணைப்பையும் தற்காலிகமாக அடைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பள்ளம் தோண்டினால் பெரும்பாலும் முதல் பள்ளத்திலேயே ஓட்டைக் குழாய் அகப்படும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசி வீட்டுக்கு 0.2 போய்ச் சேர நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டில் வாசம் தூக்கலாக இருக்கும். “தண்ணியில மருந்து நெடி அடிக்குது” என்று முதல் போன் அங்கிருந்துதான் வரும். பிறகு கவுன்சிலர் பேசுவார், பிறகு ஆணையர் கேட்பார். குறைத்துவிட்டால் போன் நின்றுவிடும். கடைக்கோடியில் வாந்தி பேதி வர இரண்டு வாரம் ஆகும், அதற்கும் உங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவும் மாட்டார்கள். உங்கள் உத்தியோகத்தின் நிஜமான சோதனை இந்த இடத்தில்தான். லஞ்சம் கூட இதற்குப் பிறகுதான். சரியான தீர்வு வழியில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியில் கொஞ்சமாக மறுபடி குளோரின் சேர்ப்பது. அதற்குப் பணமும் ஆளும் கேட்டு நீங்கள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாந்தி பேதி என்று லேசாகச் சொல்லிவிட்டேன். 1992 கடைசியில் ஓ139 என்ற புது வகைக் காலராக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். பழைய காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரியவர்களையும் அது சாய்த்தது. வங்காளம், வங்கதேசம் என்று சில மாதங்களில் பரவியது. அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர்த் துறைக்காரன் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான், அதே குளோரின்.

பதிவேடு பற்றி ஒரு வெளிநாட்டு விஷயம் சொல்ல வேண்டும். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று சுமார் 5,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். 2000 மே மாதம் பலத்த மழையில் மாட்டுச் சாணக் கழிவு ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேர் படுத்தார்கள். விசாரணையில் தெரிந்தது: தண்ணீர்த் துறை மேலாளரும் போர்மேனும் அண்ணன் தம்பி. வருஷக்கணக்காக குளோரினை அளக்காமலே ஏட்டில் 0.5, 0.75 என்று எழுதி வந்திருக்கிறார்கள். கெட்டவர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே தண்ணீரைத்தான் அவர்களும் குடித்தார்கள். இந்த ஊர்த் தண்ணீருக்கு என்ன வரப்போகிறது என்ற நம்பிக்கை. நம் ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மாதம் முழுக்க 0.5 இருந்தால் அன்றைக்கே நீங்கள் போய் அளக்க வேண்டும். எண் ஏறி இறங்கி இருந்தால் அந்த ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுங்கள்.

பஞ்ச காலம் தனி. 2017இல் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சுத்திகரித்து ஊருக்குக் கொடுத்தார்கள். 2019 ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர், மாலை மரியாதை, டி.வி. கேமரா. அப்போது குறைத்துக் கொடுத்ததே நாளுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல். ரயில் கொண்டுவந்தது அதில் அரை சதவீதம். மீதியில் பெரும்பகுதியைச் சுமந்தது மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளும், சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து வழியாகப் போரூர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் வருகிற வீராணம் குழாயும். அந்த ஆலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிற ஆள் என்றால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது.

வீராணம் என்றதும் இன்னொன்று. எழுபதுகளில் கைவிடப்பட்ட பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. அதற்குள் ஜனங்கள் குடும்பம் நடத்தியதை என் வயதுக்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். புதுத் திட்டத்தில் தண்ணீர் வந்தது 2004இல். நீங்கள் சேரும் வருஷம் தொடங்கும் ஒரு திட்டம், நீங்கள் ஓய்வு பெறும்போது முடியலாம். கோப்பில் உங்களுக்கு முன்னால் எழுதியவர்கள் முட்டாள்கள் என்று எடுத்தவுடன் முடிவு கட்டாதீர்கள்.

ஆட்களைப் பற்றி. உங்கள் ஊரின் குழாய் வரைபடம் அலுவலகத்தில் இருக்கும், அதில் பாதி தப்பாக இருக்கும். சரியான வரைபடம் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற டர்ன்காக் தலைக்குள் இருக்கிறது. எந்த வால்வு இடப்பக்கம் மூடும், எது தார் ரோட்டுக்கு அடியில் புதைந்துவிட்டது, எந்த முட்டுச்சந்தில் குழாயைக் கழுவிவிடும் ஸ்கவர் வால்வு திறந்தால் வண்டல் போகும் என்று அவருக்குத்தான் தெரியும். நிரந்தரமோ ஒப்பந்தமோ, அவரை “அண்ணே” என்று கூப்பிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் சுற்றுங்கள். அவர் காட்டுவதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் போய்விட்டால் அதோடு எல்லாம் போச்சு.

நகராட்சியில் குடிநீர் என்று சேர்த்தாலும் பாதாளச் சாக்கடையும் ஒரு நாள் உங்கள் தலையில் விழும். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. இறப்புக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. “ஒரே நிமிஷம் சார், இறங்கி எடுத்துட்டு வந்துடுறான்” என்று காண்டிராக்டர் சொல்வார், அந்த ஒரு நிமிஷத்தில்தான் சாவு. தண்ணீர் வால்வுக் குழியும் அப்படித்தான், மூடிக் கிடந்த குழியில் காற்று இருக்காது. உங்கள் பெயரில் ஒரு ஆளும் குழிக்குள் இறங்கக் கூடாது. வேலை போனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஐ.டி.யில் இருக்கும் உங்கள் நண்பர்கள் பத்து வருஷத்தில் உங்களைத் தாண்டிப் போவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஓய்வூதிய விதிகளும் என் காலத்தில் இருந்தது போல இப்போது இல்லை. நடப்பு அரசாணையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பதவி உயர்வு மெதுவாக வரும். இடமாற்றம் வேகமாக வரும், குறிப்பாக யாருடைய அனுமதியில்லாத இணைப்பையாவது நீங்கள் துண்டித்தால். வீட்டில் கல்யாணம் பேசும்போது “குளோரின் வாடையோட வருவாரே” என்று கேட்பார்கள், உண்மைதான், சட்டையில் ஒட்டும்.

சேருவது என்று முடிவு செய்தால் புரட்டாசிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி கலங்கும்போது ஜார் டெஸ்டைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், அடுத்த கோடைக்குள் நிலையம் கைக்கு வந்துவிடும். மேற்படிப்பு ஆசை இருந்தால் கிண்டியில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.இ. பாருங்கள், ஆனால் இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு போங்கள். அப்போதுதான் வகுப்பில் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.